ரொட்டியில கெடந்த சோம்பு

ரொட்டியில கெடந்த சோம்பை ஒண்ணொண்ணா நகத்தால பேத்து எடுத்துக்கினு இருந்தேன்.

என் வூட்டுக்காரரு அசோகன், கால் ஆபரேசன் முடிஞ்சு நேத்துதான் ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்தாரு. பாக்க வந்தவங்க ஆளாளுக்கு ஒரு ரொட்டி. ஒடம்பு சரியில்லன்னா ரொட்டி வாங்கினு போவணும்னு எவன் சட்டம் போட்டானோ. தின்னது போவ மீந்தது நாலு பாக்கெட்டு.

மார்கழிப் பனியில எம்.கே.பி. நகர்ல பாதி பேரு இருமிக்கினு கீறாங்க. இவருக்குச் சூடா ரொட்டி அல்வா வேணுமாம்.

மூணு பால் ரொட்டியப் பிச்சு நெய்யில போட்டாச்சு. நாலாவதுலதான் சோம்பு.

மாவுல சோம்பு தூவி ரொட்டி சுடுறவரு எனக்குத் தெரிஞ்சு ஒரே ஆளு. இவரோட அண்ணன், பேரு மண்ணாங்கட்டி. முப்பது வருசமா ராயபுரத்துல பேக்கரி அடுப்பாண்ட நிக்கிறவரு.

அண்ணனும் தம்பியும் பேசி ஆறு வருசம் ஆச்சு. எங்க பொண்ணு மகிழினி மஞ்சத் தண்ணியில, அத்தினி பேரு முன்னாடி அந்த அண்ணன் என்னை 'குடும்பத்தைப் பிரிச்சவ'ன்னாரு. அந்த வயித்தெரிச்சல் எனக்கு இன்னும் அடங்கல.

ஆனா இவரு, ஆஸ்பத்திரியில இருந்த பதினோரு நாளும் விசிட்டிங் டயத்துல வார்டு வாசலையே பாத்துக்கினு கெடந்தாரு. அண்ணன் வந்தாரான்னு வாய் தொறந்து கேக்கல. நானும் சொல்லல.

இந்த ரொட்டியத் தூக்கிப் போட கை வரல. ரொட்டி மேல இன்னா கோவம்? அல்வாவுல கரைஞ்சிட்டா ஆரு கண்டுபுடிக்கப் போறா.

கட்டிலாண்ட வாக்கர் சத்தம் கேட்டுச்சு. பொறுக்குன சோம்பை முந்தானையில முடிஞ்சேன். மனசு கேக்கல, அவுத்து ஜன்னல் வழியா ஒதறுனேன். பால் ஊத்தி, சக்கரை போட்டு, சுருண்டு வர்ற வரைக்கும் பத்துத் தடவை பொரட்டிப் பாத்தேன். ஒண்ணும் கண்ணுல படல.

கிண்ணத்துல குடுத்தேன். மூணு வாயி தின்னாரு.

நாலாவது வாயில மெல்லுறது நின்னுச்சு. நாக்கு நுனியிலேர்ந்து என்னமோ எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பாத்தாரு.

அப்புறம் சிரிச்சாரு. கால் ஒடைஞ்சதுலேர்ந்து அதான் மொத சிரிப்பு.

"அண்ணன் வந்துச்சு, இல்ல? உன் கோவம் எனக்குத் தெரியாதா தாயி. வுடு. ஒரு டப்பாவுல போடு, ஆட்டோ கூப்டு, நாமளே போய்ப் பாத்துட்டு வந்துருவோம்."

திட்டியிருந்தாக்கூட தாங்கியிருப்பேன்.

அவரு மன்னிச்சது, அண்ணன் வந்ததை நான் மறைச்சதை மட்டுந்தான். வார்டு வாசல்ல நின்ன அந்த மனுசன்கிட்ட, 'உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்னு உங்க தம்பி சொல்லிட்டாரு'ன்னு சொன்னது நான். ரொட்டிய என் கையில குடுத்துட்டு, கண்ணைத் தொடச்சிக்கினே படியெறங்குனாரு.

டப்பா கெடச்சிருச்சு. மூடியைத்தான் இன்னும் தேடிக்கினு கீறேன்.