உள்ளே இருபது, வெளியே இருபத்திரண்டு

கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, முந்தானைக்குள் மறைத்திருந்த டம்ளரை வெளியே எடுத்தாள் தையல்நாயகி. நாலு நாளாக இதே திருட்டுத்தான்.

"ஜல்தி குடிச்சிடுங்க. நர்ஸம்மா பாத்தா என்னைத் தொலைச்சிடும்."

"நீ கதவாண்ட நின்னு பாத்துக்கோ புள்ள" என்றான் கட்டிலில் கிடந்த அவள் கணவன் கோதண்டபாணி. அவள் போய் நின்றாள். திரும்பி வந்தபோது டம்ளர் காலி.

திருவெண்ணெய்நல்லூரில் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கும்போது அவனை விரியன் கடித்தது. உயிர் தப்பிவிட்டான், ஆனால் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன; உடம்பெல்லாம் வீங்கிப்போனது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்.

அங்கே டாக்டர் இருதயராஜ், மெட்ராஸில் புதிதாகக் கற்றுவந்த வைத்தியத்தை ஆரம்பித்தார். வயிற்றில் குழாய் போட்டு, மருந்துத் தண்ணீரைப் பாட்டில் பாட்டிலாக விட்டு, சற்று ஊறவைத்து, கீழே வடிப்பார். ரத்தத்தில் தேங்கிய கழிவு அதோடு வந்துவிடுமாம்.

"வாயால மட்டும் ஒரு நாளைக்கு ஒரே டம்ளர்தான். மீறினா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும், உயிருக்கே ஆபத்து" என்று முதல் நாளே எச்சரித்திருந்தார்.

ஆனால் அன்று ஜுர வேகத்தில் "தண்ணி... தண்ணி..." என்று அவன் முனகியதை அவளால் பொறுக்க முடியவில்லை. கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள்.

சித்திரை வெயிலில் அவன் தலைமாட்டுத் துண்டு தெப்பமாக நனைந்து கிடக்கும். 'இம்மாம் வேர்வையா' என்று அதைப் பிழியும்போதெல்லாம், எல்லாம் தான் கொடுத்த தண்ணீரால்தானோ என்று நினைத்துக்கொள்வாள்.

ஐந்தாம் நாள் காலை டாக்டர் நர்ஸின் குறிப்பைப் பார்த்தார்.

"உள்ள விட்டது இருபது பாட்டில். வெளிய வந்தது இருபத்திரண்டு!"

தையல்நாயகி தடாலென்று அவர் காலில் விழுந்தாள்.

"அந்த ரெண்டும் நான் குடுத்த தண்ணிங்க டாக்டரய்யா! ஒரு நாளைக்கு மூணு டம்ளர் திருட்டுத்தனமா குடுத்துக்கினு இருந்தேன். என் கையாலயே என் குடியக் கெடுத்துட்டேன்!"

டாக்டர் திகைத்தார். "உடம்புல தேங்கின நீர் வடியுதுன்னு சந்தோஷமா சொன்னேன்மா. அவ்வளவு குடிச்சிருந்தா இந்நேரம் மூச்சு முட்டியிருக்குமே? வீக்கம் எப்படி வத்துச்சு?"

இருவரும் கட்டிலைப் பார்த்தார்கள். கோதண்டபாணி வெடித்த உதட்டை நாவால் தடவிக்கொண்டான்.

"வேணாம்னா நீ அழுவ..." என்றவன், தலைமாட்டிலிருந்த துண்டைத் தொட்டான்.

"நீ குடுத்ததெல்லாம் இதுதான் குடிச்சுது புள்ள."