வெளியாள் மூக்கு

"உனக்கு மூக்கு நல்லா வேலை செய்யுமா, தங்கச்சி?"

கல்லூரி ஆராய்ச்சிக் குழுவின் கேப்டன் இப்படிக் கேட்டபோது, ஆய்வகத்தில் சீசா கழுவும் பெண் கைத்துணியை முறுக்கிக்கொண்டே தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள். படித்தவர்கள் எது கேட்டாலும் தலையாட்டிவிடுவாள்.

"அப்பாடா! அப்ப நாளைக்கு நீதான் எங்க வெளியாள் மூக்கு. சரியான பிளேட்டைக் காட்டினாப் போதும்."

கேப்டனுக்குக் கல்லூரியில் இது கடைசி வருடம். கடல் கடந்து நடக்கும் மாணவர் ஆராய்ச்சிப் போட்டிக்கு அவள் குழு போகுமா போகாதா என்பதை நாளை வரும் நடுவர் சொல்லிவிடுவார். ஒரு கிருமியிடமிருந்து வாழைப்பழ வாசனையை வரவழைக்கப் பத்து மாதம் பாடுபட்டிருந்தார்கள். குழுவில் ஒருவருக்கும் அந்த வாசனை தெரியவில்லை என்பதுதான் சிக்கல்.

"தினமும் மோந்து மோந்து நம்ம மூக்குக்குப் பழகிடுச்சு. பூக்கடைக்காரிக்குப் பூ மணக்குமா?" என்று கேப்டன் அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தாள்.

"அவ இருபது பேர் முன்னாடி நிப்பாளா?" என்றுதான் மற்றவர்கள் பயந்தார்கள். பழைய கிருமித் தண்ணீரைக் கொட்டும் பின்னறைக்குள் அவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி, ஓடியே திரும்புவார்கள். யார் கண்ணிலும் படக் கூடாது என்று அவள் அங்கேதான் உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிடுவாள். அவ்வளவு கூச்சம்.

மறுநாள் நடுவர் வந்தார். குழுவில் புதிதாகச் சேர வந்த இருபது பேரும் மேசையைச் சுற்றி நின்றார்கள்.

"மாவு புளிக்குதுல்ல, அது கிருமி வேலை," என்று ஆரம்பித்தாள் கேப்டன். "அது பிறவியிலேயே தெரிஞ்ச வேலை. நாங்க அதுக்குள்ள ஒரு புது மரபணுவை வெச்சு, நாங்க சொல்ற வேலையைச் செய்ய வைக்கிறோம். இதான் செயற்கை உயிரியல்."

"என் தம்பிக்கும் இப்படி ஒண்ணு வைக்க முடியுமா அக்கா?" என்றாள் புதியவர்களில் ஒருத்தி.

"முதல்ல கிருமி பேச்சைக் கேக்கட்டும். தம்பியை அப்புறம் பாக்கலாம்."

மேசையில் பிளேட்டுகள், அதாவது கிருமி வளர்க்கும் மூடி போட்ட சின்னத் தட்டுகள், பத்து ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றில் மரபணு வைத்த கிருமி, மற்றதில் சாதாரணக் கிருமி. மூடியில் எண் மட்டும்தான். எது எது என்று எதிரே நின்ற கேப்டனுக்கு மட்டும்தான் தெரியும்.

சீசா கழுவும் பெண் முதல் தட்டின் மேல் குனிந்தாள். கூச்சத்தோடு கேப்டனை நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த தட்டுக்கு நகர்ந்தாள். கேப்டனுக்கு மூச்சு விடவே மறந்துபோனது.

"இது," என்றாள் பெண்.

சரி. அடுத்த ஜோடியும் சரி. பத்துக்குப் பத்து!

கைதட்டல் அடங்குவதற்குள் புதியவர்கள் தட்டுகளின் மேல் பாய்ந்தார்கள். "ஆமா! நல்லாப் பழுத்த பழம்!" "எனக்கு லேசா காய் வாசனை!" நடுவரும் ஒரு தட்டைத் திறந்து, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய இழுத்தார்.

"அடேயப்பா! பழக்கடைக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு."

படிவத்தில் 'வாசனை: பிரமாதம்' என்று எழுதினார். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தவர் நிமிர்ந்தார்.

"பழமா, காயாங்கறதுல சண்டை வருது. பத்தும் சரியாச் சொன்ன மூக்கு சொல்லட்டும். எப்படி இருந்துச்சும்மா?"

பெண் கேப்டனைப் பார்த்தாள்.

"பயப்படாதே தங்கச்சி. உண்மையைச் சொல்லு, போதும்."

"எனக்குப் பொறந்ததுலேர்ந்து எந்த வாசனையும் தெரியாது சார். சரியான பிளேட்டுக்கிட்ட குனிஞ்சா, அக்கா மூச்சைப் பிடிச்சுக்கறாங்க."

பத்து மாதம் பாடுபட்ட கேப்டன் இப்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

"எனக்கு இன்னும் வாசனை வருதே!" என்றான் புதியவன் ஒருவன், தட்டிலிருந்து மூக்கை எடுக்காமல்.

நடுவர் கையிலிருந்த தட்டை மூடி மேசையில் வைத்தார். கையெழுத்துப் போடாத படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் செருகினார். வெளியே போய்விட்டார்.