சாமி படங்களுக்கு மேலே

நையாண்டி எழுத்தாளர் தாணுலிங்கத்தின் வீட்டில், சாமி படங்களுக்கும் மேலே, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு ஜெர்மன் சொல் தொங்கியது. முப்பது வருடங்களுக்கு முன் அவரைத் தேடி வந்த ஜெர்மன் ஆய்வாளர் அவருடைய நையாண்டியை அந்த ஒற்றைச் சொல்லால் வருணித்து எழுதியிருந்தார். ‘கூட்ம்யூட்டிஷ்.’ சொன்னாலே எதிராளியின் மூக்கு உடைந்துவிடும் போலிருந்ததால், பொருளை யாரிடமும் கேட்காமலே விசிட்டிங் கார்டிலும் அச்சடித்துக்கொண்டார்.

மாடிவீட்டு ஜெபஷீலா ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக அந்த மொழியைப் படித்துக்கொண்டிருந்தாள். மொட்டைமாடிச் சாவி வாங்க வந்தவள் சட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

“நல்ல சொல்லு மாமா. யாரையும் நோகடிக்காத சாதுன்னு அர்த்தம். எங்க பாடத்துல, ஊசி போட்டாலும் சிரிக்கிற ஒரு தாத்தாவை இப்படித்தான் சொல்லியிருக்கு.”

“சாதுவா? நம்ம முனிசிபல் சேர்மனை நார் நாராக் கிழிச்சவனாக்கும் நான்!”

சொன்னதும் சேர்மன் நினைவுக்கு வந்துவிட்டார். தன்னைக் கிழித்த கட்டுரையைத் தன் பிறந்தநாள் மேடையிலேயே தாணுலிங்கத்தை வாசிக்கச் சொல்லி, தொப்பை குலுங்கச் சிரித்து, பொன்னாடை போர்த்துவார். “அடுத்த வருஷம் இன்னும் காரமா இருக்கணும், என்ன?” என்று காதோரம் கேட்டும் வைப்பார். பதினோரு பொன்னாடைகள் பீரோவில் இருந்தன. சேர்மன் இறந்த பிறகு வாசிக்கச் சொல்ல யாரும் இல்லை. அந்தச் சிரிப்பை இன்னும் ஒருமுறை கேட்டால் போதும் என்றிருந்தது.

அவர் முகத்தைப் பார்த்து ஷீலா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “கழட்டிரட்டா மாமா?”

“வேண்டாம். சாமி படத்துக்குக் கீழ மாட்டு.”