கரடிக்குப் பின்னால் கொக்கு

காட்டிலிருந்து விமானம் விட்ட புதிதில், ஜன்னலோரமாக மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் கரடி, நடுவில் கொக்கு, கடைசியில் முள்ளம்பன்றி.

சாப்பாடு வந்த நேரம் பார்த்து, கரடி பொத்தானை அமுக்கி இருக்கையோடு பின்னால் சாய்ந்தது. கொக்கின் வெள்ளை இறகெல்லாம் மீன் குழம்பு.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்," என்றது கரடி, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"பின்னால ஒரு ஜீவன் இருக்குன்னு நெனப்பு வேணாமா? இவ்வளவு நீளக் காலை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்று கத்தியது கொக்கு. கரடி அதற்குள் குறட்டை விட ஆரம்பித்துவிட்டது.

காலை நீட்டக் கொக்குக்கு ஒரே வழிதான் இருந்தது. அதுவும் தன் பொத்தானை அமுக்கிச் சாய்ந்தது.

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க சார்," என்றது, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"அதுக்கென்னங்க, தாராளமா சாயுங்க," என்றது முள்ளம்பன்றி. "நெருக்குனா எனக்கு முள்ளு தானா சிலுத்துக்கும். அதை மட்டும் நீங்க கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அது சொல்லி முடிப்பதற்குள் கொக்கு "ஐயோ!" என்று அலறிக்கொண்டு நிமிர்ந்தது. பிறகு முதுகு இருக்கையில் படாமல், நட்டு வைத்த கம்பம் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

அலறல் கேட்டு விழித்த கரடி திரும்பிப் பார்த்தது. கொக்கு உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து அதற்கு மனசு நெகிழ்ந்துவிட்டது.

"பின்னால இருக்குறவருக்கு இடம் விட்டு இப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கீங்களே! பெரிய மனசு சார் உங்களுக்கு," என்று சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் சாய்ந்துகொண்டது.