தாய் வழி

"அழாதீங்க மதாம். பாரிஸ்லேர்ந்து ரிசல்ட் வந்துடுச்சு. உங்க பையனுக்கு இருக்குற குறை உங்க ரத்தத்துல இல்ல."

டாக்டர் தெய்வசிகாமணி நல்ல சேதி சொல்வதாகத்தான் நினைத்தார். ஜிஸ்லேன் இன்னும் அதிகமாக அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் நாத்தனார் ஹேமலதா அழவில்லை. நாலு மாத வயிற்றைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு டாக்டரின் வாயையே பார்த்தாள்.

வெளியே வராந்தா பெஞ்சில் ரஃபாயேல் இருந்தான். பதினோரு வயது. மூன்று வயதில் காது போனது. இந்த வருஷம் கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

"அவனுக்கு என்னதான் டாக்டர்?" என்றாள் ஹேமலதா.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கு. சக்தி குடுக்குறது அதுதான். அதுக்கு வேண்டிய புரதமெல்லாம் வெளியில தயாராகி உள்ள போகணும். கொண்டுபோய்ச் சேர்க்குற ஆள் இவன் உடம்புல இல்ல. அதனால செல் தன்னைத்தானே அழிச்சுக்குது. முதல்ல காது. இப்ப நரம்பு. அப்புறம் கண்ணும் போகும்."

"நிறுத்த முடியாதா?"

"முடியாது. பாரிஸ் ஆஸ்பத்திரியில சேர்த்தா கஷ்டம் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான்."

ஹேமலதா தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "என் வயித்துல இருக்குற பிள்ளைக்கும் வருமா?"

டாக்டர் சிரித்தார். சிரித்திருக்க வேண்டாம்.

"இது தாய் வழியா பையனுக்கு வர்றது. அம்மாவுக்கு இருந்தா, அடுத்துப் பிறக்குற பையனுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. இங்க அம்மாவுக்கே இல்லன்னு ஆயிடுச்சு. இவனுக்குப் புதுசா வந்திருக்கு. நீங்க அத்தை, அவன் அப்பாவோட தங்கச்சி. உங்களுக்கு டெஸ்டே வேணாம்."

ஹேமலதா தலையாட்டிவிட்டு எழுந்தாள்.

வராந்தாவுக்கு வந்ததும் ஜிஸ்லேன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உள்ள போய் சொல்லிடலாம் ஹேமா. வயித்துல இருக்குறதைச் சோதிக்க இன்னும் நாள் இருக்கு. உன் ரத்தத்தையும் பாக்கட்டும்."

"சொன்னா இவனோட பிரெஞ்சு பாஸ்போர்ட் போயிடும் அண்ணி. அந்த ஆஸ்பத்திரியும் கிடைக்காது."

ரஃபாயேலின் வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. ஹேமலதா குனிந்து துடைத்துவிட்டாள். அவளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது.

"பிரான்ஸுல போய் நல்லா வாழட்டும்னுதானே அண்ணி, நான் பெத்த பிள்ளையை அன்னைக்கு உங்க பிள்ளைன்னு எழுதி வச்சோம்?"