கடல் சூடான திங்கட்கிழமை

"ஏறிருச்சா?" என்று கேட்டார் முதலாளி விஜயகுமார், பிரசவ அறை வாசலில் நிற்பவரைப் போல.

ஏறியிருந்தது. பசிபிக் கடலின் நடுப்பகுதி வழக்கத்தைவிட ஒன்றரை டிகிரி சூடு. மூன்று மாதமாக ஏறிக்கொண்டே இருக்கிறது. இப்படியே போனால் ஜூனில் மலைக்கு வரவேண்டிய மழை பாதிகூட வராது. ஏலச்செடி காயும். ஏலக்காய் விலை எகிறும்.

இதை வாரம் தவறாமல் பார்த்துச் சொல்லத்தான் போடியில் இந்த ஏலக்காய்க் கடை எனக்குச் சம்பளம் தருகிறது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். ஜிலேபி வாங்கிவரச் சொன்னார். பாகு சொட்டச் சொட்ட ஒன்றைத் தன் கையாலேயே என் வாயில் திணித்தார்.

காயப்போகிற மலைக்கு ஜிலேபி. விழுங்காமல் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டேன்.

இந்த வாரம் முழுக்க யார் கேட்டாலும் நல்ல மழை என்றே சொல்ல வேண்டுமாம். மழை பெய்தால் விளைச்சல் கூடி விலை இறங்கிவிடும் என்று பயந்து, விவசாயிகள் கையிலிருக்கும் பழைய சரக்கைத் தள்ளிவிடுவார்கள். மொத்தத்தையும் நாம் அள்ளிவிடலாமாம். சொல்லிவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

சீ, இவரெல்லாம் ஒரு மனிதனா?

கொல்லைப்பக்கம் போய்த் துப்பினேன். வேலை போனால் போகட்டும் என்று மொக்கச்சாமி அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். போடிமெட்டுச் சரிவில் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர். அடுத்த காய் எடுக்கும்வரை அவர் குடும்பம் நம்பியிருப்பது வீட்டில் கிடக்கும் மூன்று மூட்டையைத்தான்.

"அண்ணே, மழை ஏமாத்தப் போகுது. யாரு கேட்டாலும் மூட்டையக் குடுத்துறாதீங்க."

நீ நல்லா இருக்கணும் என்று சொல்லி வைத்துவிட்டார். இந்தக் கடையில் ஒரு மனிதனாவது இருக்கிறான் என்று எனக்கே என்மீது மரியாதை வந்தது.

மதியம் அண்ணனே கூப்பிட்டார். மூச்சு வாங்கியது. ஆனாலும் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பு, பக்கத்துத் தோட்டத்து ஜக்கம்மாகிட்ட ரெண்டு மூட்ட கெடந்துச்சு. மழை கொட்டப் போகுது, வெல விழுந்துரும்னு சொன்னேன். பதறிப்போயி பாதி வெலைக்கே எனக்குக் குடுத்துருச்சு."

ஜக்கம்மாள். புருஷன் செத்த பிறகு ஒற்றை ஆளாக ஒரு ஏக்கரைக் காப்பாற்றி வருகிறவர். அந்த இரண்டு மூட்டையை விட்டால் அவருக்கு வேறு கதியில்லை. போன மாதம் மேலே போயிருந்தபோது, இந்தத் தடவை மழை எப்படித் தம்பி என்று என்னிடமும் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றிருந்தேன்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலாளியாவது பரம்பரை வியாபாரி. இவர் அந்த அம்மாவோடு ஒரே ஓடையில் தண்ணீர் எடுக்கிறவர். வாயில் வந்தபடி திட்டிவிட்டு வைத்துவிட நினைத்தேன்.

அதற்குள், அதில் ஒரு மூட்டை என் பங்கு என்றார். ஜீப்பில் ஏற்றிவிட்டாராம்.

"எத்தன மணிக்கு வரும்ணே?" என்று கேட்டேன்.