முதலில் குதிப்பவர்

"நெவில் ஏமாத்துறான். வேணும்னே மெதுவா நீந்துறான்."

கயாமா என்ற கடலோர ஊரின் குளிர்கால நீச்சல் சங்கத்தில் எல்லார் காதிலும் விழும்படி இதைச் சொன்னது வேறு யாரும் இல்லை, ரெஜ். நெவிலுக்கு நாற்பது வருடச் சிநேகிதன்.

ஞாயிறு காலையில் கடலோரப் பாறைக் குளத்தில் போட்டி நடக்கும். மெதுவாக நீந்துகிறவர்கள் முதலில் குதிக்கலாம், வேகக்காரர்கள் கடைசியில். வேண்டுமென்றே இழுத்தடித்து அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டு, பிறகு ஒருநாள் பாய்ந்து கோப்பையைத் தட்டிச் செல்கிறவனை ஊரில் நாய்கூட மதிக்காது.

கோடையில்தான், தாறுமாறாகத் துடித்த நெவிலின் இதயத்துக்குள், தொடை ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாய் விட்டு, சூடு வைத்துச் சரிசெய்திருந்தார்கள். துடிப்பு ஒழுங்காகிவிட்டது. மூச்சுதான் காணாமல் போயிற்று. பாதிக் குளம் தாண்டுவதற்குள் நெஞ்சு அடைத்தது. வயசாகிவிட்டது என்று தமக்குத்தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். இருமலைப் பற்றிக் கேட்டவர்களிடம் சளி என்றார்.

ரெஜ் விடவில்லை. "முடியலன்னு டாக்டர் சொல்லட்டும். இல்லன்னா சங்கத்த விட்டுப் போகட்டும்" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

நெவிலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தார்.

ஸ்கேனில் குட்டு உடைந்தது. சூடு வைத்த தழும்பு சுருங்கி, நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களில் இரண்டு நூலாக இளைத்திருந்தன. எப்போதாவது இப்படி ஆவதுண்டாம். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் ஒரு பக்க நுரையீரலே வீணாகியிருக்கும் என்றார் டாக்டர். சிட்னிக்குக் கூட்டிப்போய் பலூன் வைத்து விரித்து, ஸ்டென்ட் பொருத்தி அனுப்பினார்கள்.

மூச்சு திரும்பிவிட்டது. மனசுதான் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், நெவில் ஏங்கிப்போவார். தண்ணீருக்காக அல்ல. நீந்தி முடித்து, பல் கிடுகிடுக்க, குளத்துப் படியில் ரெஜ்ஜோடு ஒரே பொட்டலத்துச் சூடான சிப்ஸைப் பிடுங்கித் தின்பதற்காக. தப்பாகப் பேசியவன் அவன், அவனே வரட்டும் என்று வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார். அவன் வரவில்லை.

பொறுக்கமாட்டாமல் ஒரு ஞாயிறு அவரே குளத்துக்குப் போனார்.

படியில் ரெஜ் தனியாக உட்கார்ந்திருந்தார். பொட்டலம் பிரிக்காமல் ஆறிக் கிடந்தது.

"நான் ஏமாத்துக்காரன் இல்லன்னு இப்பவாவது புரிஞ்சுதாடா?"

ரெஜ் நிமிரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"அது எனக்கு அன்னைக்கே தெரியும்டா. நீ இருமிட்டு, துண்டுல ரத்தத்த மறைச்சத பாத்தேன். டாக்டர்கிட்ட போடான்னு கெஞ்சினா நீ சிரிச்சிட்டுப் போயிடுவ. ஏமாத்துக்காரன்னு சொன்னாதானே நீ போவ?"